பெயிண்டர் அண்ணாச்சி எழுத மறுத்த எண்

பெயிண்டர் அண்ணாச்சி குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முழங்கால் உயரத்துக்கு நீட்டிக்கொண்டிருந்த இரும்புக் குழாய்க்குள் ஒரு சணல் நூலை விட்டுக்கொண்டிருந்தார். நூலின் நுனியில் பழைய லாரி நட்டு ஒன்று. பத்தடிக்கு ஒரு முடிச்சு. ஒவ்வொரு முடிச்சும் விரலைத் தாண்டும்போது அவர் உதடு அசையும், சத்தம் வராது. ஆறாவது முடிச்சு போன கொஞ்ச நேரத்தில் நட்டு எங்கோ கீழே தண்ணீரைத் தொட்ட சத்தம் கேட்டது. சுற்றி நின்ற பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நூல் மேலும் இறங்கியது. பன்னிரண்டாவது முடிச்சும் உள்ளே போனது. அதற்குப் பிறகு ஓர் ஆள் உயரம் போயிருக்கும், தொய்ந்துவிட்டது. அவர் தூக்கித் தூக்கி விட்டுப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு விரலாலேயே கேட்பவர் மாதிரி இருந்தார். பிறகு நிமிர்ந்து, "அம்புட்டுத்தான். நூத்தி இருபத்தாறு" என்றார்.

நான் நூலுருண்டையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். என் மடியில் கிடந்த ஆபீஸ் கோப்பில் இன்ஜினியர் சார் கையெழுத்துப் போட்ட துண்டுச்சீட்டு இருந்தது. அதில் ஆழம் 210 அடி என்றிருந்தது. என்ன நடந்திருக்கிறது என்று எனக்கு அந்த நிமிடமே புரிந்துவிட்டது. புரியாதது போல இருந்துவிட முடியுமா என்றுதான் என் மனம் முதலில் வழி தேடியது. முப்பது வருடத்துக்கு மேலாகியும் அதை நினைத்தால் எனக்குக் கூசுகிறது. அவருக்கு அப்படி ஒரு யோசனை வந்ததாகவே தெரியவில்லை. வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, நூலை நிதானமாகச் சுற்றத் தொடங்கினார்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் நான் டைப்பிஸ்ட். தமிழில் வருவதை ஆங்கிலத்தில் எழுதுவதும், ஆங்கிலத்தில் வருவதைத் தமிழில் சொல்வதும் என் வேலைதான். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் அதை நடத்தினார். டைரக்டர் ஐயா என்போம். குளிர்நாடு ஒன்றிலிருந்து ஒரு சங்கம் எங்களுக்கு உதவி அனுப்பியது. ராஜபாளையத்துக்கு மேற்கிலும் சோழபுரம் பக்கமும் இருந்த வறண்ட ஊர்களில் ஆழ்துளைக் கிணறு தோண்டி அடிபம்பு போட்டுக் கொடுப்பது திட்டம். அந்தச் சங்கத்திலிருந்து வந்த கடிதங்களை நான்தான் ஐயாவுக்கு மொழிபெயர்த்துச் சொல்வேன். ஒரு கடிதத்தில், அங்கே ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வாரக் கடைசியில் ரொட்டி சுட்டு வீடு வீடாக விற்று, எங்கள் கிணற்றுக்காகச் சேர்த்த கதை எழுதியிருந்தார்கள். படம் ஒன்றும் வைத்திருந்தார்கள். கம்பளிக் குல்லாய் போட்ட பிள்ளைகள், கையில் கூடையோடு, பனியில்.

பெயிண்டர் அண்ணாச்சி எங்கள் ஆபீஸ் ஆள் இல்லை. ராஜபாளையத்தில் கடைப் பலகை, லாரி நெற்றி, பள்ளிச் சுவர், மாதா கோயில் வளைவு என்று எது கிடைத்தாலும் எழுதுகிறவர். நாற்பது வயது இருக்கும். கிறிஸ்தவர்; ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் பிரஷைத் தொடமாட்டார். ஒவ்வொரு பம்படியிலும் சின்னதாக ஒரு சுவர் எழுப்பி, ஊர்ப் பெயர், உதவி செய்தவர்கள் யார், கிணற்றின் ஆழம் எவ்வளவு என்று எழுதி வைக்க வேண்டும் என்பது அந்தச் சங்கம் போட்ட விதி. அந்தச் சுவர் எழுத்துக்குத்தான் அவரைப் பிடித்திருந்தோம். முதல் சில சுவர்களை வேறொருவர் எழுதினார். அவர் திருப்பூருக்குப் போய்விட்டதால் இவர் வந்தார். இவர் எழுதவிருந்த முதல் சுவர் அதுதான்.

அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. எழுதப் போவதை முதலில் சத்தமாக வாசித்துக் காட்டுவார். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் அதிகம் இருக்கும் ஊர்களில், நம் சுவரில் என்ன எழுதுகிறார்கள் என்று அவர்களுக்கும் தெரிய வேண்டாமா என்பார். அன்றைக்கும் துண்டுச்சீட்டை வாங்கி வாசித்தார். ஆழம் இருநூற்றுப் பத்து அடி என்றதும், மோர்ப்பானையோடு நின்றிருந்த ஒரு அக்கா சிரித்துவிட்டார்.

"இருநூத்திப் பத்தா? யாரு சொன்னா? ஆறு கம்பிதான எறங்குச்சு!"

துளைபோடும் வண்டியில் இருபதடி நீளக் கம்பிகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் திருகி இறக்குவார்கள். கம்பியின் எண்ணிக்கைதான் ஆழம்; அடிக்கு இவ்வளவு என்றுதான் துளைபோடும் காண்ட்ராக்டருக்குப் பணம். மோர்க்கார அக்கா அதை எண்ணியதற்குக் காரணம் இருந்தது. பத்துக் கம்பி இறங்கியதும் வேலை முடியும், அப்போது எல்லாருக்கும் மோர் கொண்டு வா என்று வண்டிக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். "நானும் எண்ணிக்கிட்டே நிக்கேன். ஆறோட மூட்டையக் கட்டிட்டுக் கெளம்பிட்டானுக. மோர் அம்புட்டும் வீணாப் போச்சு" என்றார் அவர். மற்ற பெண்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். பெயிண்டர் அண்ணாச்சி கடைக்குப் போய் ஒரு நூலுருண்டை வாங்கி வந்தார். பம்பின் தலையை இன்னும் பொருத்தியிருக்கவில்லை. குழாயின் வாயைச் சாக்கால் அடைத்திருந்தார்கள். அதைப் பிடுங்கிவிட்டுத்தான் நூலை விட்டார். ஆறு கம்பிக்கு நூற்றிருபது அடி. கம்பியின் நுனியில் பாறையை உடைக்கும் சுத்தியல் கருவிக்கு ஆறு அடி. அக்காவின் எண்ணிக்கையும் நட்டின் கணக்கும் அடி பிசகாமல் ஒன்றாக நின்றன.

அன்று மாலைவரை அவர் அந்தச் சுவரை எழுதினார். நூலில் நீலப்பொடி தடவித் தெறித்துக் கோடு போட்டு, அழகாக, ஒரு எழுத்துக்கூடச் சாயாமல். 'ஆழம்' என்று எழுதினார். 'அடி' என்று எழுதினார். நடுவில் மூன்று எண்களுக்கு இடம் விட்டுவிட்டு பிரஷைக் கழுவினார்.

மறுநாள் துண்டுச்சீட்டைத் திருப்பிக் கொடுக்க ஆபீசுக்கு வந்தார். டைரக்டர் ஐயா மதுரைக்குப் போயிருந்தார். இன்ஜினியர் சார் மட்டும் இருந்தார். என் மேசைக்கு எதிரில்தான் எல்லாம் நடந்தது.

"சகதி அடைச்சிருக்கும்யா. உனக்கு என்ன தெரியும் போரைப் பத்தி?"

"எண்பத்தி நாலு அடிக்கா சார் சகதி?"

"நீ பெயிண்டர். குடுக்கிறத எழுது. எழுதலேன்னா வேற ஆளு எழுதுவான்."

"எழுதட்டும் சார். நான் வேண்டாம்ங்கல. நூத்தி இருபத்தாறுன்னா இப்பவே போய் எழுதிருதேன். இல்லேன்னா அந்த எடம் சும்மாவே கெடக்கட்டும்."

குரலை உயர்த்தவில்லை, கெஞ்சவும் இல்லை. அவர் கிளம்பும்போது நான் வாசல்வரை போனேன். எதற்கு வம்பு அண்ணாச்சி என்று கேட்டேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டே, "தங்கச்சி, நீங்க டைப் அடிக்கிறது கவருக்குள்ள போயிரும். நான் எழுதுறது வெயில்ல நிக்கும். அந்த மோர்க்காரம்மா தெனமும் அதப் பாத்துக்கிட்டேல்ல தண்ணி எடுக்கணும்" என்றார். என்னைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. ஆனால் எனக்குத் தைத்தது. அன்று மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போன பிறகு, நான் அடித்து அனுப்பிய அறிக்கைகளின் நகல்களை எடுத்துப் பார்த்தேன். எல்லாக் கிணறும் இருநூறு அடிக்கு மேல். ஒன்றுகூடப் பாறை கடினமென்று நூற்று எண்பதில் நின்றதில்லை. பூமி எங்கள் டைப்ரைட்டருக்கு அவ்வளவு கீழ்ப்படிந்து நடந்திருந்தது. அடித்தபோது இது ஏன் எனக்குத் தோன்றவில்லை? தோன்றியிருக்கும், நான் அதை உட்காரச் சொல்லவில்லை. தம்பி கிருஷ்ணன்கோவிலில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தான். வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான். கோப்பை இருந்த இடத்தில் வைத்துவிட்டு நானும் சாப்பிடப் போனேன்.

அடுத்த வாரம் வேறொரு பெயிண்டர் போய் அந்தக் காலி இடத்தில் 210 என்று எழுதிவிட்டு வந்தார்.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். பெயிண்டர் அண்ணாச்சி மற்ற ஊர்களுக்கும் சைக்கிளில் போகிறார் என்ற பேச்சு பிறகுதான் காதில் விழுந்தது. மத்தியானத்துக்கு மேல் பிரஷைக் கழுவி வைத்துவிட்டுக் கிளம்புவாராம். எங்கள் கிணறு இருக்கும் ஊராகப் பார்த்துப் போய், யாரிடமும் எதையும் கிளறாமல், எத்தனை கம்பி இறங்கியது என்று மட்டும் கேட்பாராம். ஆடு மேய்க்கிறவர், களை எடுக்கிறவர், பள்ளிக்கூடத்து ஆயா என்று யாராவது ஒருவர் எண்ணி வைத்திருந்தார்கள். ஊருக்கு முதன்முதலாக வந்த பெரிய மெஷின் அது. திருவிழா போல நின்று பார்த்தவர்கள் மறப்பார்களா? ஏழு, ஆறு, ஆறு, எட்டு, அஞ்சரை. ஒரு பழைய நாட்காட்டியின் பின்பக்கத்தில் ஊர்ப்பெயர் போட்டு எழுதி வைத்தார். யாரும் கேட்டு அல்ல. யாரிடம் கொடுப்பது என்றுகூட அவருக்கு அப்போது தெரியாது.

ஒருநாள் சாயங்காலம், பொழுது மங்கும் நேரம், சோழபுரம் சாலையில் இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்து அவர் சைக்கிளை உதைத்துத் தள்ளினார்கள். வலது மணிக்கட்டு ஒடிந்தது. அவர்கள் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது; ஊகம் சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. அவர் எல்லாரிடமும், தானே விழுந்ததாகத்தான் சொன்னார். பார்த்த ஆட்டுக்காரர் ஒருவர் சொல்லித்தான் விஷயம் தெரிந்தது.

நான் அவர் வீட்டுக்குப் போனேன். முழங்கைவரை மாவுக்கட்டு. அவர் மனைவி பேண்டேஜ் துணிப் பட்டறையில் வேலை பார்ப்பவர்; துணி மடித்துக்கொண்டே என்னிடம் பொரிந்து தள்ளினார். "நீங்களே கேளுங்க. ஊர்ப் பணங்கூட இல்ல, எவனோ வெள்ளைக்காரன் பணம். அவனுக்கு இல்லாத அக்கறை இவியளுக்கு எதுக்கு? கைய ஒடிச்சுக்கிட்டு வந்து உக்காந்திருக்காக. எழுதுற கை!" சொல்லும்போதே அவருக்கு அழுகை வந்துவிட்டது. பெயிண்டர் அண்ணாச்சி, "அவனுக்குத் தண்ணி அங்க இருக்கு. இந்த ஊர்க்காரவுகளுக்குத்தான இல்ல" என்றார். அந்த ரொட்டி விற்ற பிள்ளைகளின் கதையை நான் அன்றுதான் அவருக்குச் சொன்னேன். கம்பளிக் குல்லாய், கூடை, பனி. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். "அங்கயும் பிள்ளைகதான் குடுத்திருக்குதுக, என்ன" என்று ஒருமுறை சொன்னார். நாட்காட்டித் தாளைக் காட்டவும் இல்லை, என்னிடம் எந்த உதவியும் கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேனோ.

மூன்று வாரம் கழித்து அந்தச் சங்கத்திலிருந்து ஓர் அம்மா வேலையைப் பார்வையிட வந்தார். நரைத்த முடி, தொளதொளத்த பருத்திச் சட்டை, வெயிலில் சிவந்த முகம். அவர் பார்க்க வேண்டிய ஊர்களை இன்ஜினியர் சார் பொறுக்கி வைத்திருந்தார். மோர்க்கார அக்காவின் ஊரும் அதில் உண்டு. சாலையை ஒட்டிய ஊர், பம்பும் புதிது, தண்ணீரும் அப்போது வந்துகொண்டிருந்தது. காலை ஒன்பது மணிக்கு ஜீப் அந்தப் பம்படியில் போய் நின்றது. முன் இருக்கையில் டைரக்டர் ஐயா. பின்னால் அந்த அம்மா, நான், இன்ஜினியர் சார், பம்பு மெக்கானிக்.

சுவரைச் சுற்றி இருபது முப்பது பெண்கள் நின்றிருந்தார்கள். வரவேற்க நிற்கிறார்கள் என்று நினைத்தோம். ஒருவரும் எங்கள் பக்கம் திரும்பவில்லை. இறங்கிப் போய்ப் பார்த்தேன். நடுவில் பெயிண்டர் அண்ணாச்சி மண்டி போட்டிருந்தார். வலது கை கட்டோடு கழுத்தில் தொங்கியது. இடது கையில் பிரஷ். முதல் பஸ்ஸுக்கே வந்துவிட்டாராம். 210 என்ற எண்ணை அவர் அழிக்கவில்லை. அதன் கீழே, சிவப்புப் பெயிண்டில், 'ஊரார் எண்ணியது' என்று எழுதி முடித்திருந்தார். நேர்க்கோட்டுக்குப் பேர்போனவரின் எழுத்து, சிலேட்டில் முதல்முறை எழுதும் பிள்ளையுடையதைப் போல மேலும் கீழுமாகக் கோணியிருந்தது. வியர்வை மூக்கிலிருந்து சொட்டியது. நாங்கள் வந்தது தெரிந்தும் அவர் நிறுத்தவில்லை. ஒன்று. இரண்டு. கடைசியாக ஆறின் சுழியைப் போட்டுவிட்டுத்தான் பிரஷை எடுத்தார்.

இன்ஜினியர் சார் பாய்ந்து போனார். "ஏய், என்னய்யா பண்ணுத? எந்திரி!" பெண்கள் விலகவில்லை. மோர்க்கார அக்கா மட்டும், "அவிய எழுதட்டும் சார். எங்க ஊருச் சொவருதான" என்றார்.

அந்த அம்மா என்னைப் பார்த்து, சுவரில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன் இன்ஜினியர் சார் நல்ல ஆங்கிலத்தில், இது பெயிண்டர் செய்த பிழை, அழிக்கச் சொல்லிவிடுகிறேன் என்றார். அந்த அம்மா அவர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மறுபடி என் பக்கம் திரும்பி, உன்னைத்தான் கேட்டேன் என்றார். டைரக்டர் ஐயா என்னைப் பார்த்தார். இன்ஜினியர் சாரும் பார்த்தார். பெயிண்டர் அண்ணாச்சி ஒருவர்தான் என்னைப் பார்க்கவில்லை. இடது கையால் பிரஷைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார். நான் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அவருக்கு என்மேல் வருத்தம் இருக்காது என்று அந்தக் கணத்தில் தெரிந்தது. அதுதான் என் வாயைத் திறந்தது என்று நினைக்கிறேன். மேலே இருப்பது ஆபீஸ் கொடுத்த ஆழம், கீழே இருப்பது ஊரார் எண்ணிய ஆழம், இரண்டாவதை நானும் பக்கத்தில் இருந்து பார்த்தேன் என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அந்த அம்மாவுக்குக் கேட்டது.

எப்படி எண்ணினார்கள் என்று கேட்டார். நான் திரும்பி மோர்க்கார அக்காவிடம் சொல்வதற்குள், அக்காவுக்குக் கேள்வி எப்படியோ புரிந்துவிட்டது. துளைபோடும் கம்பியைத் திருகி இறக்குவது போல இரண்டு கையாலும் செய்து காட்டினார். பிறகு ஒரு கையை விரித்து ஐந்து விரல், இன்னொரு கையில் ஒரு விரல். ஆறு. பின்னால் நின்ற பெண்கள் எல்லாரும், யாரும் சொல்லாமலே, ஆறு விரலைத் தூக்கினார்கள். மொழிபெயர்க்க எதுவும் மிச்சம் இருக்கவில்லை. அந்த அம்மா அந்தக் கைகளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பம்படித் திண்டில் போய் உட்கார்ந்துவிட்டார்.

மெக்கானிக்கை விட்டு பம்பைக் கழற்றச் சொன்னார். கழற்றி, குழாய்களை ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டு, நூல் விட்டுப் பார்க்க மத்தியானம் ஆகிவிட்டது. அதே நூற்றிருபத்தாறு. டைரக்டர் ஐயாவுக்கு, அந்த நல்ல மனிதருக்கு, எதுவும் தெரியாது என்பதை நான் இன்றும் நம்புகிறேன். தெரியாமல் இருந்ததுதான் அவரை அதிகம் வதைத்தது. பெயிண்டர் அண்ணாச்சி சட்டைப் பையிலிருந்து நாட்காட்டித் தாளை எடுத்து ஐயாவிடம் கொடுத்தார். அந்த அம்மாவிடம் கொடுக்கவில்லை என்பதைக் கவனித்தேன். "நம்ம வீட்டு விஷயம் ஐயா. நீங்களே அவியகிட்டக் குடுங்க" என்றார்.

இதற்குப் பிறகு எல்லாம் நல்லபடியாக நடந்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். நடந்தது வேறு. அந்தச் சங்கம் உதவியை நிறுத்திவிட்டது. இன்ஜினியர் சார் வேலையை விட்டுப் போனார். காண்ட்ராக்டரின் வண்டி எங்கள் பக்கம் வரவில்லை. ஆனால் வரிசையில் காத்திருந்த ஊர்களுக்கும் எந்த வண்டியும் வரவில்லை. கோடை வந்தது. ஆழம் குறைந்த கிணறுகள் ஒவ்வொன்றாகக் காற்றைக் கக்கின. கிணறே கிடைக்காத ஓர் ஊரிலிருந்து நாலைந்து பேர் பெயிண்டர் அண்ணாச்சி வீட்டுக்கே வந்துவிட்டார்கள். அன்று நான் அங்கே இருந்தேன். "நூத்தி இருபதோ நூத்தம்பதோ, எங்களுக்கும் ஒண்ணு வந்திருக்கும்ல? உங்க வாயாலதான எல்லாம் நின்னு போச்சு" என்றார் ஒரு பெண். அவர் இடுப்பில் காலிக் குடம் இருந்தது. பெயிண்டர் அண்ணாச்சி எழுந்து நின்று, "ஆமா தாயி, என்னாலதான்" என்றார். தன் பக்கத்து நியாயத்தைச் சொல்ல அவருக்கு எவ்வளவோ இருந்தது. மாவுக்கட்டு பிரித்த கை விரல்கள் மடங்காமல் விறைத்து நின்றன, வேலை கிடையாது, மனைவியின் பட்டறைக் கூலியில்தான் அடுப்பு எரிந்தது. அதில் எதையும் அவர் எடுத்து நீட்டவில்லை. அந்தப் பெண்களுக்கு மனைவியிடம் சொல்லித் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். நான் வாழ்நாளில் பார்த்த துணிச்சல்களில் பெரியது சுவரில் எழுதியது அல்ல, இதுதான் என்று எனக்குத் தோன்றும்.

மறுநாள் அவர் ஆபீசுக்கு வந்து டைரக்டர் ஐயாவிடம் ஒன்று சொன்னார். மறைத்தது எல்லாவற்றையும் நாமே அளந்து சொல்லிவிட்டால், மறுபடி நம்புவார்களோ என்னவோ. ஐயாவுக்கு அப்போது எழுபது வயது. அன்றே செருப்பை மாட்டிவிட்டார். மெக்கானிக், ஐயா, பெயிண்டர் அண்ணாச்சி, நான் என்று நான்கு பேர் ஊர் ஊராகப் போனோம். ஒவ்வொரு பம்பாகக் கழற்றி அளந்தோம். ஊரைக் கூட்டி, இவ்வளவு என்று எங்கள் சீட்டு சொன்னது, இவ்வளவுதான் இருக்கிறது, தப்பு எங்களுடையது என்று ஐயா கைகூப்பிச் சொல்வார். சில ஊர்களில் ஏசினார்கள். தளவாய்புரம் பக்கத்தில் ஓர் ஊரில் ஜீப்பை மறித்துக்கொண்டு சாவியைப் பிடுங்கிவிட்டார்கள். அளந்ததையெல்லாம் நான் மறுபடி டைப் அடித்தேன். பழைய அறிக்கைகளையும் புதியவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முந்தியது என் கையால் அடித்தது, சரிபாராமல் அடித்தேன் என்று ஒரு தாளும் சேர்த்தேன். ஐயா அதைப் படித்துவிட்டு, வேலையை விட்டுப் போகச் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் அதற்குக் கீழே தன் கையெழுத்தையும் போட்டுக் கவரை ஒட்டச் சொன்னார்.

அடுத்த கோடைக்கு முன்னால் அந்த அம்மா மறுபடி வந்தார். உதவி தொடரும் என்றார். ஒரு நிபந்தனை. இனிமேல் வேலையைக் கண்காணிக்க ஓர் ஆள் வேண்டும், அது பெயிண்டர் அண்ணாச்சியாக இருக்க வேண்டும், அவருக்கு மாதச் சம்பளம் அவர்களே தருவார்கள். கை ஊனமான மனிதருக்கு ஆயுள் முழுக்கச் சோறு போடும் வேலை. நான் சந்தோஷத்தோடு மொழிபெயர்த்தேன். அவர் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"வேண்டாம்னு சொல்லுங்க தங்கச்சி. எனக்குச் சம்பளம் குடுத்தா, பொறவு என்னைய யாரு பாக்குறது?"

அவர் தொடர்ந்தார். "அன்னைக்கு நானா கண்டுபிடிச்சேன்? அந்த மோர்க்காரம்மாதான் எண்ணுச்சு. தண்ணி வேணும்ங்கிற ஆளுதான் சரியா எண்ணும். ஒவ்வொரு ஊர்லயும் பொம்பளைகளே நின்னு எண்ணட்டும். அவுக கைநாட்டு வச்ச பொறவு சொவத்துல ஏறட்டும், அதுக்குப் பொறவு காண்ட்ராக்டருக்குப் போகட்டும். நான் சொவரு எழுதுதேன். அதுக்கு உண்டான கூலி போதும்."

அதைச் சொன்னபோது அவர் வீட்டில் அரிசி இருந்ததா என்று எனக்குத் தெரியாது. அவர் மனைவி பின்னொரு நாள், "கிறுக்குத்தான் அவியளுக்கு" என்று என்னிடம் சொன்னார். ஆனால் அதைச் சொல்லும்போது முந்தானையால் வாயை மூடிச் சிரித்தார்.

அப்படித்தான் நடந்தது. துளைபோடும் வண்டி மோர்க்கார அக்காவின் ஊருக்கு இரண்டாம் முறை வந்தது. பழைய துளையையே ஆழமாக்கினார்கள். இருபது பெண்கள் வரிசையாக நின்று, ஒவ்வொரு கம்பி இறங்கும்போதும் எண்ணைச் சத்தமாகக் கூவினார்கள். மெஷின் இரைச்சலை மீறி அந்தக் குரல் கேட்டது. ஏழு என்றதும் ஒரு குலவை எழுந்தது. அதுவரை ஊர் காணாத ஆழம். பத்தாவது கம்பியில் தண்ணீர் சீறிக்கொண்டு வெளியே வந்தது. வெள்ளைப் பாறைத் தூளோடு கலந்து, பால் மாதிரி, எல்லாரையும் நனைத்தது. டைரக்டர் ஐயா துண்டால் முகத்தைத் துடைத்தார். தண்ணீரையா கண்ணீரையா என்று நான் பார்க்கவில்லை. பெயிண்டர் அண்ணாச்சி ஓரமாகத் தள்ளி நின்றார். அவர் கண்ணில் இருந்ததை வெற்றி என்று சொல்ல முடியாது. மழையைப் பார்த்துக்கொண்டு நிற்கும் மனிதரின் முகம் அது.

அதற்குப் பிறகு அவர் எல்லாச் சுவர்களையும் இடது கையால்தான் எழுதினார். எழுத்து நாளாக நாளாக நேராகிவிட்டது. நான் கல்யாணமாகி மதுரைக்குப் போனேன். அங்கும் இதே மாதிரி நிறுவனங்களில்தான் வேலை. வெளிநாட்டு உதவி களவு போகாமல் காப்பது எப்படி என்று குளிர்சாதன அறைகளில் எத்தனையோ கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். படங்கள், அட்டவணைகள், பெரிய பெரிய சொற்கள். 'என்னைய யாரு பாக்குறது' என்று தன்னைப் பற்றிக் கேட்டுக்கொண்ட ஒருவரை அங்கே நான் சந்தித்ததில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பெயிண்டர் அண்ணாச்சி பிறகு மகளோடு இருக்கத் தூத்துக்குடிக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு கோடையில், வேறு வேலையாக ராஜபாளையம் போனவள், சோழபுரம் பக்கம் அந்த ஊரில் இறங்கினேன். மோர்க்கார அக்கா காலமாகிவிட்டிருந்தார். சுவருக்கு யாரோ வெள்ளையடித்து, அதன்மேல் கட்சிச் சின்னம் வரைந்திருந்தார்கள். பம்பில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. பதினெட்டு வயது இருக்கும் ஒரு பெண் உடம்பை ஊன்றி அடித்துக்கொண்டிருந்தாள்.

"இது எவ்வளவு ஆழம்மா?" என்று சும்மா கேட்டேன்.

"இருநூத்தி ஆறு அடி" என்றாள், அடிப்பதை நிறுத்தாமல்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எங்கம்மா எண்ணுனது, அக்கா. பத்துக் கம்பி." குடம் நிறைந்து வழிந்தது. அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "செத்த தள்ளி நில்லுங்க, பின்னால ஆளு நிக்காக" என்றாள். நான் தள்ளி நின்றேன்.